தொட்டியில் நத்தை பெருகினால் முதலில் குறைக்க வேண்டியது தீவனத்தை

கேள்வி இதுதான்: இரண்டடி மீன் தொட்டி, பதினைந்து கப்பி மீன், அடியில் மேயும் கோரிடோரஸ் மீன் நான்கு. அடியில் கிராவல் (பொடிக் கூழாங்கல்), ஓரமாகக் கொஞ்சம் செடி. செடி வாங்கி வைத்த இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கக் குட்டி நத்தைகள். இரவில் விளக்கைப் போட்டால் இன்னும் அதிகம். கடையில் நத்தைக்கென்று ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா? மீன்களுக்கு இந்த நத்தைகளால் ஆபத்து உண்டா? ஒன்றுவிடாமல் ஒழிக்க முடியுமா?

மருந்தை ஊற்றாதீர்கள். நத்தைகளால் உங்கள் மீன்களுக்கு ஆபத்தில்லை. ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒழிப்பது கடினம். ஆனால் தேடினால்தான் கண்ணில் படும் என்கிற அளவுக்குக் கண்டிப்பாகக் குறைக்கலாம். அதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் பொறுமை வேண்டும்.

மருந்து ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் கையில் இருக்கும்போது அவசரம் வரும். நத்தைக்கொல்லி என்று விற்கும் மருந்துகளில் பலவற்றில் இருப்பது தாமிரம். சிலர் மருந்துகூட வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கிப் போடு என்பார்கள். அதுவும் தாமிர சல்ஃபேட்தான். தாமிரம் நத்தையைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். உங்கள் தொட்டியில் சுமார் ஐம்பது லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஓரிரு நாளில் செத்து, கிராவலுக்கு அடியில், செடி வேரில், ஃபில்டருக்குள் என்று கைக்கு எட்டாத இடங்களில் அழுகும். அதிலிருந்து வரும், மீனுக்கு விஷமான அம்மோனியாவை உங்கள் ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாக்களால் அவ்வளவு வேகமாகச் சமாளிக்க முடியாது. மூன்றாம் நாள் கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். நத்தைக்கு ஊற்றிய மருந்தில் மீன் செத்தது என்று சொல்லப்படும் கதைகளில் பலவும் இப்படி நடந்தவைதான்.

அளவும் கைக்கு அடங்காது. கடின நீரில் தாமிரத்தின் ஒரு பகுதி படிந்து வேலை செய்யாமல் போய்விடும், மென்னீரில் அதே அளவு விஷமாகும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை தெருவுக்குத் தெரு மாறுகிறது. பாட்டில் மேல் போட்டிருக்கும் சொட்டுக் கணக்கு உங்கள் தண்ணீருக்குப் பொருந்துமா என்பதைச் சோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது. கோரிடோரஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்கள் தாமிரத்தை மற்ற மீன்களைவிடக் குறைவாகவே தாங்கும். கிராவலில் ஏறிய தாமிரம் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுவதால் போய்விடாது. நாளைக்கு ஆசைப்பட்டு இறால் வாங்கி விட்டால் அது சாகும். இவ்வளவுக்குப் பிறகும் ஜெல்லிக்குள் இருக்கும் முட்டைகள் பல தப்பிவிடும். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கண்ணாடி, அதே நத்தை.

உப்பு போடலாமா என்றும் கேட்பார்கள். கப்பி உப்பைத் தாங்கும், கோரிடோரஸ் அவ்வளவு தாங்காது, செடிகள் கருகும். தொட்டிகளுக்கு வரும் நத்தைகளில் ஒன்றான ட்ரம்பெட் நத்தையோ உவர்நீரிலும் வாழக்கூடியது. அதனால் உப்பு வேண்டாம்.

சரி, உங்கள் தொட்டியில் இருப்பது எந்த நத்தை? இது தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று சொல்ல முடியும். வீட்டுத் தொட்டிக்குக் கேட்காமல் வந்து சேர்பவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது பிளாடர் நத்தை. பழுப்பு நிறம், மெல்லிய ஓடு, நெல்மணி அளவிலிருந்து அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். ஒன்றை எடுத்து, கூர்முனை மேலே இருக்க, ஓட்டின் வாய் உங்களைப் பார்க்க வைத்துப் பாருங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் அது பிளாடர் நத்தை. பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம்தான் இருக்கும். நத்தைக்குப் பொருந்தாத வேகம் இதற்கு. நீர்ப்பரப்பின் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு மிதந்து போகும். தொட்டால் ஓட்டை இடமும் வலமுமாக வெடுக்கென்று உதறும். இன்னொரு நத்தை மேலே ஏறினாலும் இதே உதறல்தான். இரவில் டார்ச் அடித்து ஐந்து நிமிடம் பாருங்கள், பிடித்துப்போகும்.

இரண்டாவது ராம்ஸ்ஹார்ன். தட்டையாக, சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருக்கும். சில சிவப்பாக இருப்பதற்குக் காரணம், அதன் இரத்தத்தில் நம் இரத்தத்தைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு. ஓட்டிலும் உடம்பிலும் கருநிறமி குறைந்தால் அந்தச் சிவப்பு வெளியே தெரியும்.

மூன்றாவது ட்ரம்பெட் நத்தை. நீளமான கூம்பு ஓடு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வளரும், பகலில் கிராவலுக்குள் புதைந்தே கிடக்கும். பகலில் பத்து தெரிந்தால் உள்ளே பல மடங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பெருகும் முறையும் இவற்றுக்கு வேறு வேறு. பிளாடருக்கும் ராம்ஸ்ஹார்னுக்கும் ஒரே உடம்பில் ஆண், பெண் இரண்டும் உண்டு. தனியாக வந்த ஒரே ஒரு நத்தையும் முட்டையிட்டுவிடும். கண்ணாடியிலோ இலையின் அடியிலோ விரல் வைத்தால் வழுக்கும் தெளிவான ஜெல்லிப் பொட்டு தெரிகிறதா? அதுதான் முட்டைக்கொத்து. வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். நம்மூர் வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். ட்ரம்பெட் முட்டையே இடுவதில்லை. தாய் தன் உடம்புக்குள்ளேயே குஞ்சுகளை வைத்திருந்து வெளியே விடும். அதிலும் பெரும்பாலானவை பெண்கள். ஆண் துணை இல்லாமலே குஞ்சு வரும்.

கேள்வியில் ‘கண்ணாடி முழுக்க’ என்று இருப்பதால், பகலிலும் அப்படியே இருந்தால் உங்களுடையது பிளாடர் நத்தை என்றே நினைக்கிறேன். செடியோடு வரும் நத்தைகளில் அதுதான் அதிகம்.

இவற்றில் எதுவும் உயிருள்ள மீனைத் தின்னாது. செத்த மீனின் மேல் நத்தைகள் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு நத்தைதான் கொன்றது என்று நினைப்பவர்கள் உண்டு. நத்தை வருவது மீன் செத்த பிறகு. முட்டையிடும் மீன்களை வைத்து இனப்பெருக்கம் செய்பவர்கள் மட்டும் கவலைப்படலாம், மீன்முட்டையை நத்தை தின்னக்கூடும். கப்பி குட்டி போடும் மீன் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. நோய் பரப்புமா என்றால், ஏரியிலும் வயலிலும் பிடித்த நத்தைகளில் அந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. நம் குளங்களில் காணும் இந்தோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்ற தட்டை நத்தை, மாடுகளுக்கு வரும் இரத்தத் தட்டைப்புழுவின் இடைத்தாங்கி, அதாவது அந்தப் புழு தன் வளர்ச்சியின் ஒரு பகுதியை இந்த நத்தைக்குள் கழிக்கும். அந்தப் புழுவின் இளம்பருவம் மனிதத் தோலில் ஏறினால் அரிப்பும் தடிப்பும் வரும். அதனால் குளத்து நத்தையையும், குளத்தில் பிடுங்கிய செடியையும் தொட்டியில் போடாதீர்கள். பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பெருகிய நத்தைக்கு அந்தப் புழு வர வழியில்லை. அதன் வாழ்க்கைச் சுழற்சிக்கு மாடோ வேறு விலங்கோ நடுவில் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நத்தை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் செடி. எப்படி இவ்வளவு ஆனது என்பதற்குப் பதில் தீவனம். தின்ன எவ்வளவு கிடைக்கிறதோ அந்த அளவுக்குத்தான் நத்தை பெருகும். நீங்கள் ஐந்நூறு நத்தையைக் கையால் எடுத்தாலும், ஐந்நூறுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தால் மறுபடி ஐந்நூறுதான் வரும். மருந்து, பொறி, நத்தை தின்னும் மீன் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

உங்கள் தொட்டியில் எனக்குச் சந்தேகம் கோரிடோரஸுக்குப் போடும் மூழ்கும் வில்லை மீதுதான். பெரும்பாலானவர்கள் விளக்கை அணைத்தபின் இரண்டு மூன்று வில்லை போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். நான்கு கோரிடோரஸுக்கு அது அதிகம். அரை மணியில் வில்லை உப்பி உதிர்ந்து, மாவாகக் கிராவல் இடுக்கில் இறங்கிவிடும். மீனுக்கு எட்டாத அந்த மாவு முழுக்க நத்தைக்கு. இன்றிலிருந்து ஒரு வில்லை போதும், ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு அடியில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தோடு கிண்ணத்தை வெளியே எடுத்துவிடலாம். கப்பிகளுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. வாரத்தில் ஒரு நாள் எதுவும் போட வேண்டாம். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியில் வாடாது. கப்பி எப்போது பார்த்தாலும் கண்ணாடி ஓரம் வந்து கேட்கும். அது பசி என்று நம்பி வீட்டில் ஆளுக்கொரு தடவை போடுவதுதான் பல தொட்டிகளில் நடக்கிறது. குழந்தைகள் இருந்தால் ஒரு நாளுக்கான தீவனத்தைக் காலையிலேயே தனியாக எடுத்து வைத்து, அதை மட்டும் போடச் சொல்லுங்கள்.

தீவனத்தோடு இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மஞ்சளாகி அழுகும் இலைகள். பார்த்தவுடன் கிள்ளி எடுத்துவிடுங்கள். இன்னொன்று பச்சைப் பாசி. ஜன்னல் வெயில் தொட்டி மேல் விழுந்தால் மறைப்பு போடுங்கள், விளக்கை ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். வாரம் ஒருமுறை கிராவலுக்குள் சைஃபன் குழாயை இறக்கி, அடியில் தேங்கிய கசடோடு கால்பங்கு தண்ணீரை எடுத்து மாற்றுங்கள். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து கிராவலைக் கொதிக்க வைப்பது வேண்டாம். நல்ல பாக்டீரியாவும் அதோடு போய், தொட்டியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தீவனத்தைக் குறைத்த கையோடு எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையையும் ஆரம்பியுங்கள். வெள்ளரிக்காயை அரை விரல் கனத்துக்கு வில்லையாக வெட்டி, ஒரு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, விளக்கை அணைத்தபின் அடியில் வையுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த பசலைக்கீரையும் ஆகும். பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வில்லையின் பச்சையே தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கும். நடுவில் விதை இருக்கும் மெத்தென்ற பகுதியைத்தான் முதலில் அரித்திருக்கும், தோல் வளையம் அப்படியே நிற்கும். மெதுவாகத் தூக்குங்கள், ஆட்டினால் பிளாடர் நத்தைகள் உதிர்ந்துவிடும். ஒரு வலையை அடியில் பிடித்துக்கொள்வது நல்லது. எத்தனை நேரமானாலும் அன்றிரவே எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் பொறி வைத்ததாக ஆகாது, நத்தைக்கு விருந்து வைத்ததாகத்தான் ஆகும். வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்து, பகலில் கண்ணாடியில் தெரியும் முட்டைப் பொட்டுகளைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்தால், மாதக் கடைசியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு குட்டி நத்தையைக் கண்ணாடியில் வைத்தே நசுக்கிவிட்டால் கப்பிகள் பாய்ந்து வந்து தின்னும். அதில் தவறில்லை, நல்ல புரதம். ஒரே நாளில் ஐம்பது நசுக்கினால் தண்ணீர் கெடும்.

ட்ரம்பெட் நத்தையாக இருந்தால் ஃபில்டரைக் கவனியுங்கள். பவர் ஃபில்டரின் உறிஞ்சும் வாய் வழியாகக் குட்டிகள் உள்ளே போய் விசிறியை நிறுத்திவிடும். வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டினால் தீர்ந்தது. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ட்ரம்பெட்டுக்கு நுரையீரல் கிடையாது, செவுளால் நீரிலிருந்து மூச்சு விடுகிறது. வழக்கமாகப் புதைந்து கிடக்கும் அவை பகலிலேயே கூட்டமாகக் கண்ணாடியில் மேலே ஏறி நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அம்மோனியா ஏறியிருக்கலாம். அன்றே தண்ணீரைச் சோதித்து, பாதி மாற்றுங்கள். பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் காற்றை மூச்சுக்கு எடுப்பவை, மேலே வருவது அவற்றின் வழக்கம். அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. உங்கள் தொட்டிக்கு என் பதில், வேண்டாம். க்ளவுன் லோச்சைக் கடையில் விரல் நீளத்தில் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். அது ஓர் அடி வரை வளரும் மீன், கூட்டமாக வாழ்வது. இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீனான ஜீப்ரா லோச் சிறியதுதான், ஆனால் அதற்கும் ஐந்தாறு சேர்ந்த கூட்டம் வேண்டும். இயற்கையில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று சர்வதேசச் செம்பட்டியலில் இருக்கிறது. கேரள ஆறுகளிலிருந்து வரும் குட்டிப் பஃபர் மீன் மூன்று சென்டிமீட்டர்தான், நத்தையை விரும்பித் தின்னும், கண்ணை உருட்டிப் பார்க்கும் அழகே தனி. ஆனால் உங்கள் கப்பிகளின் வாலை ஒரே வாரத்தில் கந்தலாக்கிவிடும். அதுவும் இயற்கையில் குறைந்துவரும் மீன். பஃபரை அதற்காகவே விரும்பித் தனித் தொட்டியில் வளர்ப்பவர் வேறு. நத்தையைத் தின்னட்டும் என்று வாங்கினால், நத்தை தீர்ந்தபின் அதற்கு என்ன கொடுப்பீர்கள்?

துணைக்கு ஒன்று வேண்டும் என்றால் அசாசின் நத்தையைச் சொல்வேன். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. மஞ்சளும் கரும்பழுப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட கூம்பு ஓடு. மற்ற நத்தைகளைத் தேடிப் பிடித்துத் தின்னும். செடியைத் தொடாது, மீனைத் தொடாது. ஆண், பெண் தனித்தனி என்பதால் மெதுவாகத்தான் பெருகும். ஐம்பது லிட்டருக்கு நான்கைந்து போதும். மெல்லிய மணல் இருந்தால் புதைந்துகொண்டு சந்தோஷமாக இருக்கும், உங்கள் கிராவல் சிறியதாக இருந்தால் அதிலும் சமாளிக்கும். அழகுக்கென்று நெரைட்டோ மிஸ்டரி நத்தையோ வாங்கும் எண்ணம் இருந்தால் இதைத் தொட்டியில் சேர்க்காதீர்கள், அவற்றையும் தின்றுவிடும். தீவனத்தைக் குறைக்காமல் இதை மட்டும் சேர்த்தால் பயன் குறைவு. மிச்சத் தீவனம் கிடைத்தால் இதுவும் அதைத் தின்றுவிட்டு வேட்டைக்குச் சோம்பும்.

இனி செடி வாங்கும்போது செய்ய வேண்டியது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கினாலும் உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும், மீன் இருக்கும் தொட்டியில் கிடந்த செடியில் நத்தை முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எளிய வழி படிகாரம். லிட்டருக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி பொடியைக் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற கெட்டி இலைச் செடிகளுக்குத் திரவ பிளீச்சும் ஆகும். வாசனை சேர்க்காத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்தொன்பது பங்கு, இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது. உடனே அலசி, குளோரினை நீக்கும் திரவம் கலந்த தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும். இந்தக் கணக்கு பிளீச்சிங் பவுடருக்குப் பொருந்தாது. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, மாஸ் எனப்படும் பாசிச் செடி வகைகளை பிளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். எதுவும் வேண்டாம் என்றால் ஒரு வாளியில் வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் கண்ணில் பட்டதும் எடுத்துவிடலாம். கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை என்றால், மூடிய கப்பில் ஜெல்லியோடு வரும் திசு வளர்ப்புச் செடியை வாங்குங்கள். அது தொட்டித் தண்ணீரையே பார்த்திராத செடி, நத்தை இருக்க வழியில்லை.

எடுத்த நத்தைகளை எங்கே போடுவது? சாக்கடை, ஏரி, குளம், கிணறு எதிலும் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவைச் சேர்ந்த பிளாடர் நத்தை இன்று அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. அது பரவியதில் மீன் தொட்டிச் செடி வணிகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்ட தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை, அங்கிருந்து பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பரவி இளம் நாற்றுகளைத் தின்னும் நெற்பகை ஆனது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆப்பிள் நத்தை சேர்ந்த பொமேசியா இனக்குழு முழுவதையும் தடை செய்தது. கடையில் மிஸ்டரி நத்தை என்று விற்பதும் அதே இனக்குழுதான். அதனால் பிடித்தவற்றை ஒரு டப்பாவில் போட்டு ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள். ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்குப் போகும். பஃபர் வளர்ப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் உயிரோடு கேட்டு வாங்கிக்கொள்வார், ஒரு நிபந்தனையோடு கொடுங்கள்: தாமிர மருந்து பட்ட தொட்டி நத்தை என்றால் கொடுக்கக் கூடாது. அந்த மருந்து பாட்டிலை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு அம்மோனியா டெஸ்ட் கிட் கேட்டுப் பாருங்கள்.